பச்சை உடம்பும் பச்சைப் பிள்ளையும்: முதல் ஆறு வாரங்களில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் எல்லோரும் தொட்டிலைச் சுற்றித்தான் நிற்பார்கள். மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று பேச்சு ஓடும். பெற்றவள் உள்ளறையில் தனியாகப் படுத்திருப்பாள். சமூகத் தாதி வேலையில் இருக்கும் நாங்கள் இதற்கு நேர்மாறாகப் பழகியவர்கள். முதலில் தாய், அப்புறம் பிள்ளை. பிள்ளைக்கு ஒன்று என்றால் வீடே கவனித்துவிடும். தாய்க்கு ஒன்று என்றால் அவள் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும், பல பேர் சொல்வதில்லை.

மலேசியாவில் அரசாங்க கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வரும் மிஸ்ஸி (தாதி) உட்கார்ந்து பார்ப்பது அரை மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் வீட்டில் இருப்பவர்களின் கண்தான். அதனால், நாங்கள் பார்க்கிற அதே வரிசையை இங்கே எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்த தாதிக்கும் இது உதவும், மகளுக்குப் பேறுகாலம் பார்க்கும் அம்மாவுக்கும் உதவும்.

முதலில் முகவரி

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பெண் பிரசவத்துக்குப் பட்டர்வொர்த்துக்கோ ஆயர் ஈத்தாமுக்கோ வந்துவிடுவாள். கர்ப்பகாலப் பதிவு ஓர் இடத்தில், பிரசவம் வேறு இடத்தில், பத்தியம் மூன்றாவது இடத்தில். வீட்டுக்கு மிஸ்ஸி வரவில்லை என்ற புகாரில் பாதி இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது எந்த வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். அடுக்குமாடி என்றால் பிளாக், மாடி எண், எடுக்கக்கூடிய தொலைபேசி எண். வீட்டுக்கு வந்ததும் அந்த வட்டாரக் கிளினிக்குக்கு ஒரு தடவை அழைத்துச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

தாயின் கர்ப்பகாலப் புத்தகத்தையும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தையும் ஒரே பையில் வையுங்கள். தாயின் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் நிறத்தைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்பது ஆபத்தின் அளவு. கர்ப்பத்தில் பிரஷர், இனிப்புநீர் (நீரிழிவு), ரத்தசோகை இருந்ததா என்பதை அந்தப் புத்தகம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

வீட்டில் இருக்க வேண்டிய சாமான் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டர், ஒரு நோட்டு, நொடி முள் உள்ள கடிகாரம். கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர் வீட்டில் மேல்கையில் கட்டும் பிரஷர் கருவி ஒன்று.

தாய்: பேச்சில் தொடங்குங்கள்

கையில் கருவியை எடுப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ராத்திரி தூங்கினாயா, சாப்பிட்டாயா, எங்கே வலிக்கிறது? பேசும்போதே முகத்தைப் பார்த்துவிடலாம். வெளுத்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா? கீழ் இமையை மெல்ல இறக்கி உள்பக்கம் பாருங்கள். சிவப்பில்லாமல் வெளிறியிருந்தால் ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையைத் தே தாரேக்கோடு விழுங்குவது நம்மவர்களிடம் சகஜம். தேநீரும் காப்பியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையைத் தண்ணீரிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ குடித்துவிட்டுத் தேநீரை ஓரிரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து காய்ச்சல், நாடி, பிரஷர். 38 டிகிரிக்கு மேல் போனால் ‘பால் கட்டியதால் வந்த சூடு’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கருப்பையில் கிருமி சேர்ந்தாலும் முதலில் தெரிவது காய்ச்சல்தான். அந்தக் காலத்தில் ஜன்னி கண்டு போனாள் என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் இதுவே.

பிரஷர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிள்ளை பிறந்துவிட்டால் கர்ப்பகாலப் பிரஷர் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பிரசவத்துக்குப் பிறகு 3 முதல் 6 நாட்களுக்குள்தான் அது உச்சத்துக்கு ஏறும். சுகப்பிரசவமானவர் அதற்குள் வீட்டுக்கு வந்து படுத்திருப்பார். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவருக்கும் இது வரலாம், ஆறு வாரம் வரை வரலாம். 140/90 என்று காட்டினால் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். 160/110 என்றால் நேரே அவசரப் பிரிவு. எண் எதுவாக இருந்தாலும், விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வலிப்பு வருவதற்கு முன்னறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலித் தைலம் தடவிப் படுக்க வைக்கும் நேரம் அல்ல அது.

மார்பு, கருப்பை, உதிரம்

மூன்றாம் நான்காம் நாளில் பால் இறங்கும்போது இரண்டு மார்பும் கனத்து இறுகும். அடிக்கடி பால் கொடுப்பதே மருந்து. ஒரு பக்கம் மட்டும் ஓரிடம் சிவந்து, தொட்டால் எரிந்து, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் அது வேறு. மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கட்டிக்கொண்டு சீழ் வைக்கும். காம்பு வெடித்திருந்தால் களிம்பைத் தேடுவதற்கு முன் பிள்ளை வாய் வைக்கும் விதத்தைப் பாருங்கள். காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும், கீழுதடு வெளியே மலர்ந்திருக்க வேண்டும், தாடை மார்பில் படிந்திருக்க வேண்டும்.

கருப்பையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் தாயைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கருப்பையை மேலே தள்ளி வலப்பக்கம் ஒதுக்கிவிடும், கணக்குத் தப்பும். அதைவிட முக்கியம், கருப்பை சுருங்கவும் விடாது. மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரத்தால் மெல்ல அழுத்துங்கள். பிரசவமான அன்று தொப்புள் மட்டத்தில் கெட்டியான உருண்டை தட்டுப்படும். நாளுக்கு ஏறக்குறைய ஒரு விரல் அளவு இறங்கி, 10 முதல் 14 நாட்களில் இடுப்பெலும்புக்குள் மறைந்துவிடும். கெட்டியாக இல்லாமல் கொழகொழவென்று இருந்தாலோ, நேற்றைவிட இன்று மேலே இருந்தாலோ, உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது அல்லது உதிரம் கூடப் போகிறது என்று பொருள்.

உதிரத்தைப் பற்றிக் கேட்டால் ‘எல்லாருக்கும் போற மாதிரிதான் போகுது’ என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பேடைக் காட்டச் சொல்லுங்கள். முதல் மூன்று நான்கு நாட்கள் சிவப்பு, அப்புறம் பத்து நாள் வரை பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, அதன் பிறகு மஞ்சள் கலந்த வெள்ளை. இந்த வரிசை முன்னேதான் போக வேண்டும். பத்தாம் நாள் வெளுத்தது பன்னிரண்டாம் நாள் பளிச்சென்ற சிவப்பாகித் தொடர்ந்து போனால் உடனே சொல்லுங்கள். துர்நாற்றம் வந்தாலும் அப்படியே. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சை அளவுக் கட்டி விழுந்தாலோ, காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் முதல் 24 மணி நேரத்துக்குள் 500 மில்லி லிட்டருக்கு மேல் போனாலே அதிக உதிரப்போக்கு என்று கணக்கு வைக்கிறார்கள். பெரிய கோப்பைகளில் இரண்டுதான் அது.

தையலைப் பார்க்கத் தாய் கூச்சப்படுவாள். கதவைச் சாத்திவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். சிவப்பு, வீக்கம், கன்றிப்போதல், சீழ், ஓரங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்ற ஐந்தையும் பாருங்கள். வயிற்றுத் தையலுக்கும் இதே ஐந்துதான்.

கால்கள்

பலர் விட்டுவிடுகிற இடம் இது. இரண்டு கெண்டைக்காலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் வீங்கியிருந்தால் பெரும்பாலும் உடம்பில் தங்கிய நீர், நாளடைவில் வடியும். ஒரு கால் மட்டும், அதிலும் இடது கால், வீங்கிச் சூடாகி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அது கிளம்பி நுரையீரலுக்குப் போனால் நிமிடங்களில் உயிர் போகும். வயிற்றைக் கீறிப் பிரசவமானவர், உடல் எடை கூடியவர், எழுந்திருக்காமல் படுத்தே இருப்பவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதும் உண்டு. ‘தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்’ என்பார்கள். வயிறு பெருக்காது. தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்படும், மலச்சிக்கலும் வரும். தாகத்துக்குக் குடிக்கட்டும், வீட்டுக்குள் நடக்கட்டும்.

உடம்பை உருவிவிட மக்சிக் என்று அழைக்கும் மலாய் அம்மாவை வரவழைக்கும் தமிழ் வீடுகள் பினாங்கில் நிறைய. இதமான உருவுதலில் தப்பில்லை. ஆனால் வீங்கி வலிக்கும் ஒற்றைக் காலை உருவக் கூடாது, ஆறாத வயிற்றுத் தையல் மேல் கை வைக்கக் கூடாது. வயிற்றுக்கட்டு மூச்சை முட்டும் அளவுக்கு இறுகவும் கூடாது.

மனம்

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காரணமில்லாமல் அழுகை வரும். மிகப் பெரும்பாலோருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதைத் தாண்டியும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் அது நோய். இதைக் கண்டுபிடிக்க 1987-ல் வெளியான பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதன் பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. மாமியாரும் கணவரும் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் தொலைபேசிச் சேவையும் இருக்கிறது.

இல்லாத குரல் கேட்பது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது, நாள் கணக்கில் தூங்காமல் பரபரப்பாக இருப்பது எல்லாம் பேய் பிடித்ததல்ல. அன்றே மருத்துவமனை. தாயையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது.

பிள்ளை: தொடாமல் பார்ப்பது முதல் படி

தூங்கும் பிள்ளையை எழுப்பிவிட்டால் அழும். அழும் பிள்ளையின் மூச்சை எண்ண முடியாது. ஆகவே சட்டையை மட்டும் மெல்ல விலக்கி வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பச்சைப் பிள்ளை சீராக மூச்சு விடாது. சில நொடி நிறுத்தும், பிறகு வேகமாக விடும். அதனால் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. 30 முதல் 60 வரை சரி. அதற்கு மேல் போனால் இன்னொரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டாவது தடவையும் 60-ஐத் தாண்டினால், அல்லது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், மூச்சோடு முனகல் வந்தால், மருத்துவமனை. உதடும் நாக்கும் நீலமாக இருந்தாலும் அப்படியே. கையும் காலும் மட்டும் லேசாக நீலம் பாரித்திருப்பது முதல் நாட்களில் சகஜம்.

அக்குளில் தெர்மோமீட்டர் 36.5 முதல் 37.5 வரை காட்ட வேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மூன்று சுற்றுத் துணி போட்டு, தொப்பி மாட்டி, காற்றாடியையும் நிறுத்தி வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் சூடு ஏறும். துணியைக் குறைத்து அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 38 தொட்டால் துணியைப் பழி சொல்லாமல் கிளம்புங்கள். 36.5-க்குக் கீழே இறங்கினால் தாயின் நெஞ்சோடு தோல் படப் படுக்கவைத்துப் போர்த்துங்கள். அப்படியும் ஏறாத பிள்ளைக்குக் கிருமித் தொற்று இருக்கலாம்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. பெம்பர்ஸை வைத்துச் சொல்லலாம். முதல் நாள் ஒரு தடவை சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாறு நாளானதும் தினமும் ஆறு தடவையாவது நனைய வேண்டும். மலம் கறுப்பிலிருந்து பச்சையாகி, ஐந்தாம் நாள்வாக்கில் மஞ்சளாகும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால். எடை முதல் வாரம் குறையும், பயப்பட வேண்டாம். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் கவலை. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும்.

அப்புறம் தலையிலிருந்து கால் வரை. உச்சிக்குழி சமமாக இருக்கிறதா, புடைத்திருக்கிறதா, உள்வாங்கியிருக்கிறதா? கண்ணில் பீளை, வாயில் வெள்ளைப் படை, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா? தொப்புள் கொடி ஐந்து முதல் பதினைந்து நாட்களுக்குள் தானாக விழும். சாம்பல், மஞ்சள்தூள், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்திருந்தால் போதும், பெம்பர்ஸை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். பிட்டத்தில் நீலத்திட்டு இருந்தால் அடிபட்டதல்ல, நம் பிள்ளைகளுக்கு அது சகஜம். பெண் குழந்தைக்குச் சில சொட்டு உதிரம் தெரிவதும், எந்தக் குழந்தைக்கும் மார்பு லேசாக வீங்கியிருப்பதும் தாயின் ஹார்மோன் செய்யும் வேலை. அந்த மார்பைப் பிழிந்து பால் எடுக்கிற வழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். சீழ் வைத்துவிடும்.

மஞ்சள் காமாலை

பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதும் ஆபத்துக் கணக்கு. இரண்டாம் மூன்றாம் நாளில் தெரிவது பெரும்பாலும் இயல்பானது, ஆனால் அளந்து பார்த்துத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். பிள்ளையைச் சன்னல் பக்கம் கொண்டுபோங்கள், மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். விரலால் மூக்கை அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுக்கும், அந்த வெளுப்பில் மஞ்சள் தெரியும். அடுத்து நெஞ்சு, தொடை, பாதம். மஞ்சள் தலையில் தொடங்கிக் கீழே இறங்கும். எவ்வளவு கீழே வந்திருக்கிறதோ அவ்வளவு கூடுதல். மாநிறப் பிள்ளைக்குத் தோல் ஏமாற்றும், ஆகவே கண் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனைதான் முடிவு. கண்ணால் பார்த்து எண் சொல்ல யாராலும் முடியாது.

“காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்தானே, மிஸ்ஸி?” என்று கேட்காத பாட்டியை நான் பார்த்ததில்லை. இல்லை, பாட்டி. வெயிலில் காட்டினால் பிள்ளைக்கு நீர் வற்றும், தோல் கருகும், மஞ்சளும் தேவையான அளவு குறையாது. மருத்துவமனை நீலவிளக்கின் வேலையை வெயில் செய்யாது. அளவு மீறிய மஞ்சள் மூளையில் ஏறினால் செவிப்புலனும் உடலசைவும் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் நீடித்தால், மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலப் போனால், கல்லீரலைச் சோதிக்க வேண்டும். பித்தக்குழாய் அடைப்புக்கு அறுவை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடும் தைராய்டு குறைபாடும் சோதிக்கிறார்கள். முடிவு புத்தகத்தில் இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜி6பிடி குறைபாடு என்றால் சில பொருட்கள் பட்டாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் சட்டென ஏறும். முதல் எதிரி அந்துருண்டை. மூத்த பிள்ளையின் துணிகளை அதைப் போட்டு அலமாரியில் வைத்து எடுத்துப் போட்டுவிடுகிறோம். வெயிலில் போடுவதை நம்பாமல் துவைத்துப் போடுங்கள், அல்லது அந்தத் துணியே வேண்டாம். மருதாணியைப் பிள்ளையின் தோலில் வைக்கவே கூடாது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் பத்தியச் சாமான் மூட்டை கட்டி வாங்கி வருகிறார்கள். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, மிளகு, சுக்கு எல்லாம் நன்றாகச் சாப்பிடட்டும். புரதமும் சூடும் உள்ள சாப்பாடு அது. இனிப்புநீர் இருந்த தாய்க்கு மட்டும் கருப்பட்டியில் கிண்டிய லேகியத்தை அளந்து கொடுங்கள். உடம்பு சூட்டுக்கு என்று பிராந்தி கொடுப்பது வேண்டாம், அது பாலில் போகும். காய்கறி, பழத்தை முழுக்கத் தள்ளுவதும் வேண்டாம்.

பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வாயில் எதுவும் இல்லை. சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, உரைமருந்து எல்லாம் அதில் அடக்கம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள கிருமிவித்து குடலில் முளைத்து உடம்பைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். மூக்கில், காதில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது வேண்டாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பாதத்தில் வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சாரோங் தொட்டிலில் தலை நெஞ்சோடு மடிந்து மூச்சு அடைபடலாம். தூங்க வைக்கச் சமமான கெட்டிப் படுக்கை, மல்லாக்க, தலையணை இல்லாமல்.

கிளம்ப வேண்டிய நேரம்

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வலிப்பு, மூச்சுத் திணறல், 38 டிகிரி அல்லது தொட்டால் சில்லென்ற உடம்பு ஆகியவை பிள்ளைக்கு. அதிக உதிரம், மயக்கம், நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், மேலே சொன்ன தலைவலி ஆகியவை தாய்க்கு. 999-ஐ அழையுங்கள். தீவில் இருந்தால் பினாங்கு பொது மருத்துவமனை, பிறை, பட்டர்வொர்த் பக்கம் என்றால் செபராங் ஜெயா. பிள்ளையை அங்கே பெற்றோம் என்பதற்காக நெரிசலில் பாலம் தாண்டாதீர்கள், பக்கத்தில் இருப்பதற்கே போங்கள். தொலைபேசியில் ‘உடம்பு சரியில்லை’ என்பதைவிட, ‘பிறந்து 5 நாள், காலையிலிருந்து இரண்டு தடவைதான் பால் குடித்தான், மூச்சு 68’ என்று சொன்னால் வேலை வேகமாக நடக்கும். நோட்டு அதற்குத்தான். வீட்டுக் காரில் கொண்டுபோவதானால் பிள்ளைக்கான இருக்கை 2020 முதல் சட்டப்படி கட்டாயம், பிரசவத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

ஆறாவது வாரம் தாய்க்கு முழுப் பரிசோதனை. இனிப்புநீர் இருந்தவர் அன்று வெறும் வயிற்றோடு போக வேண்டும், சர்க்கரைக் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு இது பின்னாளில் நிரந்தர இனிப்புநீராக மாறும் வாய்ப்பு அதிகம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு இடைவெளி என்ற பேச்சையும் கணவரை வைத்துக்கொண்டு அன்றே முடித்துவிடலாம். காத்திருக்கும் நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கூட வரட்டும்.